வைச்சுக் குடிக்கிற சாமானில்லை

பேரின்பநாதனின் வீட்டுச் சோகேசைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வில்லங்கம் முழுக்க அதற்குள்ளேதான் இருந்தது.

பிரெஞ்சு கதைக்கிற குளிர் ஊரொன்றில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலில் முகம் காட்டுவது பெண்சாதி செல்வமலர் அல்ல, அந்தச் சோகேஸ்தான். கண்ணாடிக் கதவு, பூட்டு, உள்ளே பகலிலும் எரிகிற ரியூப் லைற். மேல்தட்டில் மகள் சாம்பவி பட்டம் வாங்கிய படம். கீழ்த்தட்டில் விஸ்கிப் போத்தல்கள். லண்டன் மச்சான் கொண்டுவந்தது ஒன்று, கொழும்பு போய்த் திரும்புகையில் விமான நிலையத்தில் வாங்கியது ஒன்று, யாரோ கலியாணத்துக்குச் சொல்ல வந்து தந்தது ஒன்று. மூத்த போத்தலுக்கு வயது இருபத்திரண்டு. எல்லாம் ஒரு நல்ல நாளுக்கென்று வைத்தவை. ஆனால் எந்த நாளையும் அந்த மனிசன் போதுமான அளவு நல்ல நாள் என்று ஒப்புக்கொண்டது கிடையாது. குடிக்காதவரா என்றால் அதுவும் இல்லை. கூட்டாளி சூசைப்பிள்ளை வீட்டில் இரண்டு கிளாஸ் சந்தோசமாகப் போடுவார். தன் வீட்டுப் போத்தல் என்றால்தான் கை வராது.

"நாய்க்கு முழுத் தேங்காய் கிடைச்ச மாதிரி," என்பார் செல்வமலர். "தானும் தின்னார், ஆருக்கும் குடார்."

விஸ்கிகளுக்கெல்லாம் முன்வரிசையில் நாலு பியர்ப் போத்தல்கள் நின்றன. அவை சாம்பவி காய்ச்சியவை.

சாம்பவி உயிர் இரசாயனம் படித்த பிள்ளை. ஷபனெல் தெருத் தையல் ஃபக்டரியில் இருபத்தாறு வருடம் நீராவி அயன்பெட்டியோடு நின்று தகப்பன் படிப்பித்த பிள்ளை. ஒரு லாப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, ஒருநாள் செயின்ட்-மிஷேலில் சிறிதாகப் பியர் காய்ச்சும் ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தாள். கோபம் வராதா? பேரின்பநாதன் ஆறு மாதம் மகளோடு கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கிய பிறகும், யாராவது கேட்டால் "லாப்பிலதான் நிக்கிறா" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டு திரிந்தார். பார்க் ஸ்ரேசனில் மெற்றோ ஏறினால் செயின்ட்-மிஷேல் ஐந்தாவது ஸ்ரேசன். ஒன்பது வருடத்தில் ஒருமுறையாவது போய் அவள் வேலை செய்யும் இடத்தை எட்டிப் பார்த்தவரில்லை.

பிறகு, நாலு வருடத்துக்கு முன்பு, அவள் தன் சொந்தப் பியர் ஒன்றைக் காய்ச்சினாள்.

பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுப்பது ஹொப்ஸ் என்று ஒரு கொடியின் பூ. பாகல் மாதிரிக் கயிற்றைப் பிடித்து ஏறும். அந்தப் பச்சைப் பூவைக் காயவைத்துத்தான் வருடம் முழுவதும் பாவிப்பார்கள். ஆவணி கடைசியில், பூப் பிடுங்கும் நாட்களில் மட்டும், பிடுங்கிய ஈரம் காயுமுன் அன்றைக்கே அண்டாவில் கொட்டிக் காய்ச்சினால், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கிற ஒரு பியர் வரும். சாம்பவி விடியப்புறம் தோட்டத்துக்குப் போய்த் தன் கையாலேயே பூப் பிடுங்குவாள். நாலு கிழமையில் பியர் தயாராகும். அதாவது, சரியாகப் புரட்டாதியில். அவளுக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாள் சனிக்கிழமை. விதி எப்படிக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது பாருங்கள்.

முதல் வருடம் அவள் போத்தலோடு வந்தபோது, பேரின்பநாதன் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, பின்பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு, விபூதியோடு நின்றார்.

"இந்தாங்கோ அப்பா. என்ர சொந்தப் பியர். முதல் போத்தல் உங்களுக்கு."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"புரட்டாதிச் சனி விரதமெல்லே பிள்ளை. வைச்சிட்டுப் போ, பேந்து குடிக்கிறன்."

"பேந்தெண்டா எப்ப?"

"புரட்டாதி முடியட்டுமன்."

"கெதியாக் குடியுங்கோ அப்பா. இது வைச்சுக் குடிக்கிற சாமானில்லை."

அவர் சிரித்தார். "நல்ல குடிவகையை ஆர் அவசரப்பட்டுக் குடிக்கிறது? வைக்க வைக்கத்தான் திறம்."

அவள் போனதும் சோகேசைத் திறந்து, மச்சானின் விஸ்கியைப் பின்னுக்குத் தள்ளி, அந்த இடத்தில் பியரை வைத்தார். அன்றோடு 'லாப்' பொய் செத்தது. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, "மகள் காய்ச்சினது" என்றார். இன்சூரன்ஸ் விற்க வந்தவனுக்குக்கூடச் சொன்னார். மகளுக்கு மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மனிசனுக்கு அன்பு காட்டத் தெரிந்த ஒரே வழி கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுவதுதான். அதை அவளுக்கு யார் விளங்கப்படுத்துவது?

புதன்கிழமை அவள் ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா, குடிச்சனீங்களோ?"

"இருக்கு பிள்ளை. பத்திரமா இருக்கு."

ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே மறுமொழி. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிற வாய், தன் பிள்ளை விசயத்தில் மட்டும் 'இருக்கு, இருக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

போன வருடம் நாலாவது போத்தலைக் கொண்டுவந்தவள், சோகேசுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். மூன்று போத்தல்கள் வரிசையாக லைற்றுக்குக் கீழே நின்றன. மூடிகூட அசையவில்லை.

"அப்பா, ஒரு வாய். எனக்கு முன்னால ஒரே ஒரு வாய் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

"சனிக்கிழமையா வந்து நிண்டு என்னைச் சோதிக்காதை பிள்ளை."

"எனக்கு வேற நாள் இல்லையப்பா."

"அப்ப வைச்சிட்டுப் போவன்."

அவள் குசினிக்குள் போய்த் தாயைக் கட்டிப்பிடித்தாள். ஒரு மாதமாகத் தோட்டத்துக்கும் அண்டாவுக்கும் இடையில் அலைந்த உடம்பு. "என்னடி தலை இப்பிடி மணக்குது? போய் முழுகிப்போட்டு வா, சாப்பிடுவம்," என்று செல்வமலர் தள்ளிவிட்டார். அவள் முழுகவுமில்லை, சாப்பிடவுமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகுது என்று போய்விட்டாள்.

அந்தப் புதன்கிழமை ரெலிபோன் வரவில்லை. பிறகு வந்ததெல்லாம் தாய்க்குத்தான். தகப்பனோடு "சுகமோ அப்பா", "ஓம் பிள்ளை", அவ்வளவுதான். பிள்ளைக்கு என்ன கோபம் என்று அவருக்கு விளங்கவேயில்லை. விளங்காததைக் கேட்கவும் ரோசம் விடவில்லை.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தலையிடிக்குது என்று வேலையிடத்தில் கதிரையில் இருந்த சாம்பவி பிறகு எழும்பவில்லை. மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். முப்பத்தைந்து வயது. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னாலும் அடங்காது.

செத்த எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அவளுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும். செல்வமலர் அழுதழுது நண்டுக் குழம்பு வைத்தார், கத்தரிக்காய் பொரித்தார். "அவள் காய்ச்சினதையும் வைப்பம்," என்றார் பேரின்பநாதன். சோகேசைத் திறந்து முதல் வருடத்துப் போத்தலை எடுத்தார். பழசுதானே திறம்? பிள்ளைக்குத் திறமானதைத்தானே வைக்க வேண்டும்?

படைத்து முடிந்தபின் சூசைப்பிள்ளை கிளாஸை எடுத்து ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது. கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்ததாகப் பேரின்பநாதன் குடித்தார். நனைந்த கடதாசிப் பெட்டியின் மணம். அசட்டு இனிப்பு, அதற்குப் பின்னால் ஒரு புளிப்பு. துப்ப முடியாது, மகளுக்குப் படைத்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

அன்றிலிருந்து அவரை அரித்தது துக்கம் மட்டுமல்ல. என்ர பிள்ளை செய்தது இதுதானோ? இதைச் செய்யத்தானோ விடியப்புறம் எழும்பி ஓடினவள்? அங்கே வேலை செய்கிற வெள்ளைக்காரர் முகத்துக்காக நல்லாயிருக்கு என்று சொல்லி அவளை ஏமாற்றினார்களோ? ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேனே, எல்லோரும் மனதுக்குள் சிரித்திருப்பார்களோ? பெற்ற பிள்ளை செத்துப்போய்க் கிடக்க, அவளுக்காக வெட்கப்படுகிற நிலைமை எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது. கோடை முழுவதும் அவர் அதைப் பெண்சாதிக்குச் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்தார். வைத்திருக்கத்தான் அவருக்கு நன்றாகத் தெரியுமே.

புரட்டாதி பிறந்து மூன்றாவது கிழமை, மரீஸ் என்ற பெண் ரெலிபோன் எடுத்தாள். சாம்பவியின் முதலாளி. இந்த வருடமும் அந்தப் பியரைக் காய்ச்சியிருக்கிறோம், சாம்பவி எழுதி வைத்த குறிப்பின்படி. சனிக்கிழமை திறக்கிறோம். நீங்கள் வராமல் திறக்க எங்களுக்கு மனமில்லை.

"சனிக்கிழமையாம்," என்றார் பேரின்பநாதன். "விரதநாளில எப்பிடிப் போறது?"

அது சாட்டு. உள்ளே இருந்தது பயம். அதே நனைந்த பெட்டி மணம் வந்தால், எல்லோருக்கும் முன்னால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

செல்வமலர் திரும்பிப் பார்த்த பார்வையில் சுவரும் எரிந்திருக்கும். "என்ன விரதம்? சனி பகவான் எங்களிட்ட எடுக்க வேண்டியதை எடுத்திட்டார். இனியும் என்ன பயம் அவருக்கு?"

"அப்ப நீரும் வாருமன்."

"அவள் இருந்த கதிரையை என்னால பாக்கேலாது. நீங்கள் போங்கோ. உயிரோட இருக்கேக்கை போகாத ஆள், இப்பவாவது போங்கோ."

ஐந்து ஸ்ரேசன். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா தூரம் என்று செயின்ட்-மிஷேலில் இறங்கியவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

மரீஸுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. "பொன்ஜூர், மிஸ்யு நாதன்," என்று கையைப் பிடித்தவள் விடவில்லை. பியர் நிரப்பிய பெரிய பெரிய எவர்சில்வர் தாங்கிகளுக்கு நடுவே கூட்டிப்போனாள். ஆறேழு பேர் எழும்பி நின்றார்கள். ஃபக்டரியில் பொறுக்கிய பிரெஞ்சு அவருக்குப் போதுமாக இருந்தது. அவளும் நிறுத்தி நிறுத்திக் கதைத்தாள்.

ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள். பழுப்பு மஞ்சள், மேலே வெள்ளை நுரை. பேரின்பநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயருகே கொண்டுபோனார். மூச்சை எவ்வளவு நேரம்தான் பிடிக்கலாம்? விட்டார்.

மாங்காயைக் காம்போடு முறித்ததும் வருமே ஒரு மணம், அது. அதற்குப் பின்னால் தோடம்பழத் தோலை நகத்தால் கீறினது போல இன்னொன்று. குடித்தார். நாக்கில் கசப்பு ஏறி, சட்டென்று இறங்கி, வாய் முழுக்கக் குளிர்ந்த பச்சை வாசமாக நின்றது. அறுபத்தாறு வயதில் அப்படி ஒன்றை அவர் வாயில் வைத்ததேயில்லை.

"இது ஆர் செய்தது?"

"அவளுடைய கணக்கு, அவள் பூப் பிடுங்கிய தோட்டம். கை மட்டும்தான் என்னுடையது," என்றாள் மரீஸ். "அவள் செய்தது இதைவிடத் திறம்."

"எங்கட வீட்டில இருந்தது இப்பிடி இருக்கேல்லை." அவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முதல் வருசத்துப் போத்தல். வைகாசியில திறந்தனாங்கள்."

மரீஸ் கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தாள். "மூன்றரை வருடம் வைத்திருந்தீர்களா?"

"ஓம். கண்ணாடிக்குள்ள, பத்திரமா."

"மிஸ்யு நாதன், இது சுடச்சுடத் தின்கிற பாண் மாதிரி. ஆறு கிழமைதான் இதற்கு ஆயுள். பிறகு வாசம் செத்துப்போகும். அவள் சொல்லவில்லையா?"

"சொன்னவள்," என்றார். "ஒவ்வொரு வருசமும் சொன்னவள்."

என்ர பிள்ளை கெட்டிக்காரி. முதலில் அதுதான் நெஞ்சில் வந்தது. நாலு மாதமாக அழுத்திய பாறை உருண்டு போனது. போன கையோடு அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. அவள் பழுதாகச் செய்யவில்லை. பழுதாக்கினது நான். நாலு முறை கையில் தந்தாள், நாலு முறையும் நான் சாகவிட்டேன். பேரின்பநாதன் அந்த வெள்ளைக்காரர் எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டு அழுதார்.

அழுது ஓயும்வரை மரீஸ் பக்கத்தில் நின்றாள். பிறகு கரை கிழிந்த ஒரு கொப்பியைக் கொண்டுவந்து விரித்தாள். சாம்பவியின் எழுத்து. வருடத்துக்கு ஒரு பக்கம். கோடு போட்டு, இடப்பக்கம் குடித்துப் பார்த்தவர்களின் பெயர், வலப்பக்கம் அவர்கள் சொன்னது. மரீஸ், இன்னும் நாலைந்து வெள்ளைக்காரப் பெயர்கள். கடைசி வரியில் மட்டும் தமிழில் 'அப்பா'. அதற்கு எதிரே வெறும் கட்டம்.

அடுத்த பக்கமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். போன வருடம், முகம் கறுத்துச் சாப்பிடாமல் போன அந்த வருடமும், கடைசி வரியில் 'அப்பா' என்றுதான் எழுதியிருந்தாள்.

"இது யார் என்று கேட்பேன்," என்றாள் மரீஸ். "முக்கியமான ஆள், இன்னும் குடிக்கவில்லை என்பாள்."

ஐந்தாவது பக்கத்தில் மரீஸ் தன் கையால் கோடு போட்டிருந்தாள். கடைசி வரியில் அந்தத் தமிழ் எழுத்துகளைப் படம் மாதிரிப் பார்த்துக் கீறியிருந்தாள். எழுத்துகள் சரிந்து விழுந்தன. பேனையை நீட்டினாள்.

அவர் கை ஓடவில்லை. "பேந்து எழுதித் தாறன்," என்றார்.

"கொப்பி உங்களுக்குத்தான்," என்று அதையும் இரண்டு போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததெல்லாவற்றையும் செல்வமலருக்குச் சொன்னார். சொல்லிக்கொண்டே சோகேசைத் திறந்தார். மிச்சம் நின்ற மூன்று பழம் போத்தல்களுக்கு முன்னால் இரண்டு புதுப் போத்தல்களையும் வைத்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வைத்தார்.

"என்ன செய்யிறியள்?"

"ஆட்டைத் திவசத்துக்கு வைப்பம் மலர். வைகாசியில அவளுக்குப் படைக்க வேணுமெல்லே. இது அவளின்ர கடைசிக் கணக்கு. முடிஞ்சா முடிஞ்சதுதான்."

"வைகாசி வரைக்கும் வைக்கப்போறியளோ?" செல்வமலர் கத்தினார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அப்படிக் கத்தியவரில்லை. "இப்பதானே சொன்னியள், ஆறு கிழமை எண்டு! இருக்கேக்கை ஒரு வாய் குடிச்சுச் சொல்லத் தெரியேல்லை, செத்த பிறகு நாறினதைத் திரும்பவும் படைக்கப்போறியளோ பிள்ளைக்கு?"

பேரின்பநாதன் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றார். அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுச் செல்வமலர் ஒரு போத்தலை எடுத்தார். பியர் திறக்கிற சாமான் அந்த வீட்டில் ஏது? தேங்காய் உடைக்கிற கத்தியின் முதுகைக் கொடுத்து மூடியைக் கிளப்பினார். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிவகை தொடாத மனிசி. இரண்டு எவர்சில்வர் ரம்ளரில் ஊற்றி, ஒன்றை அவருக்கு முன்னால் வைத்து, மற்றதை வாயருகே கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சேருங்கோ."

"என்ன?"

"இது அவளின்ர தலை மணம்."

பேரின்பநாதன் தன் ரம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். அவருக்குத் தெரியாது. மகள் அவரைக் கட்டிப்பிடித்து எத்தனையோ வருடம்.

"கட்டிப்பிடிக்கேக்கை இந்த மணம்தான் மணந்தது. நான், பாழாப்போனவள், போய் முழுகு எண்டு தள்ளிவிட்டன்." ரம்ளரை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு செல்வமலர் விம்மினார். பிறகு குடித்தார். கசந்தது, முகம் கோணியது. நிறுத்தாமல் குடித்தார்.

பின்பல்கனியில் காகம் கரைந்தது, சனிக்கிழமை மத்தியானம், இன்னும் சோறு வைக்கவில்லை. இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே இருந்து முதல் போத்தலை முடித்தார்கள். இரண்டாவதைப் பேரின்பநாதன் தானே எழும்பிப்போய் எடுத்து வந்தார். அதையும் முடித்தார்கள். ரம்ளரின் அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் அவர் தலையை அண்ணாந்து குடித்தார்.

"குடிச்சிட்டன் பிள்ளை," என்றார்.

"எப்பிடி இருந்தது எண்டு சொல்லுங்கோவன்," என்றார் செல்வமலர். "அவள் அதைத்தானே கேட்டவள்."

பையிலிருந்து கொப்பியை எடுத்தார். ஐந்தாவது பக்கம். மரீஸ் கீறிய சரிந்த எழுத்துகளுக்கு எதிரே, 'நல்லாயிருக்கு' என்று எழுதினார். அவர் எழுத்தும் சரிந்துதான் விழுந்தது. பிறகு பின்னுக்குப் புரட்டினார். நாலு பக்கம், நாலு வெறும் கட்டம். பேனை ஒவ்வொன்றுக்கும் மேலே போய் நின்றது, திரும்பி வந்தது.

"அதுகளுக்கும் எழுதுங்கோவன்," என்றார் செல்வமலர். "அதுகளும் நல்லாத்தானே இருந்திருக்கும்."

சோகேசில் மிச்சம் மூன்றும் லைற்றுக்குக் கீழே நின்றன. பேரின்பநாதன் அவற்றைப் பார்த்தார்.

"எப்பிடி எழுத மலர்? அதுகளை நான் குடிக்கேல்லையே."

பேனையை மூடிக் கொப்பிக்குள் வைத்தார்.